தொடு!

நான் பார்த்த கணினி அறைகளில் பாதிக்கு மேல் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ‘அனுமதியின்றி எதையும் தொடாதே.’ எழுத்து மங்கியிருக்கும். செலோடேப் மஞ்சளாகி ஓரம் சுருண்டிருக்கும். கட்டளை மட்டும் மங்காது. உள்ளே இருபது கம்ப்யூட்டர், இருபதுக்கும் தூசி படாமல் துணி உறை. வரிசையாக உட்காரும் பிள்ளைகள் மவுஸை முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்திருப்பார்கள்.

தம்பி, தங்கச்சி, உங்களை ஒன்று கேட்கிறேன். ஏழாயிரம்பண்ணையில் விடியற்காலையில் வேன் ஏறி உன் அம்மா பட்டாசு ஆபீஸுக்குப் போகிறாள். அங்கே குழாயில் மருந்து செலுத்துகிறாள். உராய்ந்தால் தீப்பிடிக்கிற பொருளை நாள் முழுக்கக் கையால் தொட்டு, அந்தக் காசில் உனக்குப் பாவாடை சட்டையும் பஸ் பாஸும் வாங்கிக் கொடுக்கிறாள். அவள் வயிற்றில் பிறந்த நீ ஒரு கீபோர்டைத் தொட நடுங்குகிறாய். இந்த நடுக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது? ரத்தத்தில் வரவில்லை. கதவில் ஒட்டிய அந்தத் தாளிலிருந்து வந்தது.

மேடையேறி ‘உன்னால் முடியும்’ என்று கத்துகிறவர்களை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். கைதட்டிவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அந்தச் சூடு ஆறிவிடும். துணிச்சலை வாயால் ஊதி ஏற்ற முடியாது. அதற்கு ஒரு கச்சாப்பொருள் வேண்டும். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கச்சாப்பொருளின் பெயர் நகல். ‘நான் கெடுத்தாலும் நேற்று இருந்தபடி திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன்’ என்று தெரிந்தவன்தான் தைரியமாகக் கை வைப்பான். தெரியாதவன் உறையைப் போட்டு மூடி வைப்பான்.

எதற்கு நகல்? எல்லாவற்றுக்கும் வேண்டும். பிள்ளைகள் செய்த புராஜெக்ட், மதிப்பெண் பட்டியல் இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் நினைக்காத சரக்கு ஒன்று இருக்கிறது. கான்ஃபிக் ஃபைல் என்பார்கள். அமைப்புக் கோப்பு. அந்தக் கணினிக்கு நெட்வொர்க்கில் என்ன எண், எந்தப் பிரிண்டர் எந்தப் பெயரில் இருக்கிறது, யார் யாருக்கு எந்த அனுமதி, எந்த வட்டு எங்கே இணைகிறது, தமிழ் எழுத்து எந்த விசையில் வரும் என்று அத்தனையும் எழுதி வைத்திருக்கும் சின்னச் சின்னக் கோப்புகள்.

உன் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது விகிதம். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் லைசென்ஸும் காசும் இருந்தால் வந்து இறங்கும். எந்தச் சரக்குக்கு எதை எவ்வளவு சேர்ப்பது என்ற கணக்கு மூட்டையில் வராது. அது போர்மேன் தலைக்குள் இருக்கும். அவர் சண்டை போட்டுக்கொண்டு வேறு ஆபீஸுக்குப் போய்விட்டால், குடோன் நிறையச் சரக்கு இருந்தும் பழைய வெடி வெடிக்காது. கணினியிலும் அதே கதைதான். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007 முதல் கொடுத்துவரும் பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மென்பொருள் போனால் மறுபடி வரும். வட்டு போனால் சிவகாசியில் வாங்கலாம். விகிதம் போனால் எந்தக் கடையில் போய்க் கேட்பாய்?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வக உதவியாளனாக இருந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், குற்றம் முழுக்க என்னுடையது. மறுநாள் செய்முறைத் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் சாயங்காலமே வந்து லாட்ஜில் தங்கிவிட்டார். சர்வரில் புது வட்டு ஒன்றைச் சேர்க்கலாம் என்று எனக்கு அப்போது பார்த்துத்தான் புத்தி போனது. எஃப்ஸ்டேப் என்ற கோப்பைத் திறந்தேன். எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் கோப்பு அது. மொத்தமே பத்து வரி. இரண்டு வரியைத் திருத்தி, சேமித்து, சர்வரை அணைத்துப் போட்டேன்.

கறுப்புத் திரை. மாணவர்களின் கோப்பு அத்தனையும் அந்த சர்வரில். முப்பது கணினியும் அதை நம்பி உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு லினக்ஸ் தெரியும், எப்படிச் சரிசெய்வது என்றும் தெரியும். முந்தின நாள் அந்தப் பத்து வரியும் எப்படி இருந்தன என்பது மட்டும் தெரியவில்லை. நினைவிலிருந்து தோண்டித் தோண்டி எழுதிப் பார்த்து, விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது சர்வர் எழுந்தது. தேர்வு நடந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அதன்பின் இரண்டு வருஷம் அந்த சர்வர் பக்கம் நான் போகவில்லை. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பிள்ளைகள் யாரும் மாற்றிவிடக் கூடாதே என்று வெள்ளைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கதவில் ஒட்டினேன்: ‘அனுமதியின்றி எதையும் தொடாதே.’

ஆமாம், அந்தத் தாளை ஒட்டியவன் நான். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள்தான் ஊர் ஊராக அதை ஒட்டி வைத்திருக்கிறோம். திருத்துவதற்கு முன்னால் அந்தக் கோப்பை ஒரே ஒரு படி எடுத்திருந்தால் எனக்கு இரண்டு நிமிஷ வேலை. இரண்டு நிமிஷத்தைச் சேமித்து இரண்டு வருஷத் துணிச்சலை இழந்தேன்.

இந்தப் பாடத்தை உனக்கு ஜப்பான்காரனோ அமெரிக்காக்காரனோ வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. உன் ஊர்க் கரிசல் காட்டில் தனித்தனியாக நிற்கிற அறைகளைப் பார். பட்டாசு ஆலையை ஏன் ஒரே பெரிய கட்டடமாகக் கட்டவில்லை? மருந்து கலக்க ஓர் அறை, செலுத்த ஓர் அறை, காயவைக்க ஒரு மேடை, முடிந்த சரக்குக்கு ஓர் இடம். நடுவில் இடைவெளி. ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. மீந்த மருந்து ராத்திரி அறையில் தங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: ஓர் இடம் போனால் அந்த இடத்தோடு போகட்டும். இந்த விதியை மீறியபோதெல்லாம் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்து. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். உன் வகுப்பிலேயே அந்த நாளை மறக்க முடியாத பிள்ளை இருக்கலாம்.

உயிர் போவதையும் கோப்பு போவதையும் ஒரே தட்டில் வைக்கிறவன் மூடன். நான் அதைச் செய்யவில்லை. இடைவெளி என்றால் என்ன, அதற்கு என்ன விலை என்று இந்த மண்ணுக்குத் தெரிந்த அளவு வேறு எந்த மண்ணுக்கும் தெரியாது என்றுதான் சொல்கிறேன். அந்த அறிவு உன் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கணினி அறைக்குள் போ.

பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் என்று ஒரு நகரம். அங்கே ஓ.வி.எச். என்ற பெரிய நிறுவனத்தின் தரவு மையம். 2021 மார்ச் 10 நள்ளிரவு தாண்டித் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுக்கச் சாம்பல். வாடிக்கையாளர்களில் சிலர் நகல் எடுத்துத்தான் வைத்திருந்தார்கள். அந்த நகலும் அதே கட்டடத்தில் இருந்தது! கலவை அறையிலேயே முடிந்த சரக்கையும் அடுக்கி வைத்த கதை. அச்சங்குளத்துக் கிழவி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தரம் சுற்றிக் காட்டியிருந்தால், ‘ஏஞ்சாமி, எல்லாத்தையும் ஒரே ரூம்ல போட்டு வெச்சிருக்கீக?’ என்று கேட்டிருப்பாள்.

அவ்வளவு தூரம் எதற்கு? உன் ஊரிலிருந்து மேற்கே, சங்கரன்கோவில் பக்கத்தில் கரிவலம்வந்தநல்லூர். பாண்டிய அரசர் ஒருவர் சேர்த்து வைத்த ஏட்டுச் சுவடிகள் அந்த ஊர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் ஆசையோடு போனார். போனவருக்குக் கிடைத்த பதிலைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டார்களாம். சாஸ்திரம் அப்படிச் சொல்கிறதாம். அந்தச் சுவடிகளில் என்னென்ன இருந்தனவோ, யாருக்குத் தெரியும்? வேறு ஊரில் படி இருந்த நூல் பிழைத்தது, படி இல்லாத நூல் புகையாய்ப் போனது. அதே ஐயர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டாரே, எப்படி முடிந்தது? பல ஊர்களில் பல வீடுகளில் பலர் படியெடுத்து வைத்திருந்த பிரதிகள் கிடைத்தன. ஒன்றில் செல்லரித்த வரி இன்னொன்றில் இருந்தது.

பனையோலைக்கு ஆயுள் உண்டு என்று தெரிந்து, பழசு பொடிவதற்குள் புதுசில் எழுதிக்கொண்டே வந்த கூட்டம் நாம். எழுதி முடித்த ஏட்டின் கடைசியில் கொல்லம் ஆண்டு, மாதம், எழுதியவன் பெயர், சில சமயம் யாருக்காக எழுதினான் என்பதுவரை போட்டு வைப்பார்கள். இன்றைக்கு மென்பொருள்காரர்கள் ‘வெர்ஷன்’ என்று பெருமையாகப் பேசுகிறார்களே, அதன் பாட்டன் அது. பேக்கப், அதாவது இந்த நகல், உனக்கு அந்நியச் சரக்கு என்று எவனாவது சொன்னால் சிரித்துவிட்டுப் போ.

சரி, கையைத் தேய்த்துக்கொள். வேலைக்கு வருவோம்.

லினக்ஸ் கணினி என்றால் அமைப்புக் கோப்புகளில் பெரும்பாலானவை ஈடிசி என்ற ஒரே அடைவுக்குள் இருக்கின்றன. மொத்தம் சில மெகாபைட்தான் வரும். உன் போனில் இருக்கும் ஒரு கல்யாண வீடியோவின் கால் தூசி பெறாது. அதை அப்படியே இழுத்துப் பென்டிரைவில் போட்டுவிடாதே. பென்டிரைவ்கள் பெரும்பாலும் எந்தக் கோப்பு யாருடையது, யார் திறக்கலாம் என்ற லினக்ஸ் விவரங்களை வைத்துக்கொள்ளாது. திருப்பிப் போடும்போது கணினி முரண்டு பிடிக்கும். டார் என்ற கட்டளையால் ஒரே மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டையைப் பென்டிரைவுக்கு மாற்று. மூட்டைக்குப் பெயர் வைக்கும்போது கணினியின் எண்ணும் தேதியும் இருக்கட்டும். தேதியில் வருஷத்தை முதலில் எழுது, பிறகு மாதம், பிறகு நாள். அப்போதுதான் வரிசை தானாக ஒழுங்காய் நிற்கும். ‘புதுசு’, ‘ரொம்பப் புதுசு’, ‘கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்று பெயர் வைத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த மூட்டைக்குள் ஷேடோ என்று ஒரு கோப்பு உண்டு. கடவுச்சொற்கள் உருமாற்றிய வடிவில் அதில் இருக்கும். ஆகவே மூட்டை கண்டவர் கையில் போகக் கூடாது. பூட்டுகிற பீரோவில் இருக்கட்டும். அந்த பீரோ கணினி அறையில் இருக்கக் கூடாது. தலைமையாசிரியர் அறை, அலுவலகம், வேறு கட்டடம் என்று எங்கேயாவது இடைவெளி விட்டு வை. சொருகியே கிடக்கும் பென்டிரைவ் நகல் ஆகாது. 2017 மே மாதம் வன்னாகிரை என்ற நச்சுநிரல் உலகம் முழுக்கப் பரவி, கணினியில் இருந்ததை மட்டுமல்லாமல் அதில் சொருகியிருந்த வட்டுகளையும் சேர்த்தே பூட்டியது.

இன்னொரு பொறி. ஒரு கணினியின் ஈடிசியை இன்னொன்றில் அப்படியே கவிழ்க்காதே. எஃப்ஸ்டேபில் வட்டின் அடையாள எண் இருக்கிறது, ஒவ்வொரு வட்டுக்கும் அது வேறு. பக்கத்து வீட்டுச் சாவியால் உன் வீட்டைத் திறக்கப் பார்ப்பது மாதிரி. தேவையான கோப்பை மட்டும் எடுத்துக்கொள். இதில் ருசி பிடித்துவிட்டால் கிட் கற்றுக்கொள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2005-இல் எழுதிய கருவி. யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார்கள் என்று அத்தனையும் சொல்லும். நம் ஏட்டுக்காரர்கள் கடைசி ஓலையில் எழுதியதை அது ஒவ்வொரு வரிக்கும் எழுதுகிறது.

விண்டோஸ் கணினியோடு கருவி இணைந்த ஆய்வகமாக இருந்தால், சாத்தூரிலோ சிவகாசியிலோ ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நீ வேலைக்குச் சேர்ந்திருந்தால், வழி கொஞ்சம் வேறு. கருவியின் மென்பொருளில் செட்டிங்கை ஏற்றுமதி செய்ய வசதி இருந்தால் அதைச் செய். இல்லாவிட்டால் ஒவ்வொரு செட்டிங் திரையையும் போட்டோ எடு, அச்செடு, நோட்டில் ஒட்டு, தேதி போடு. காலிபரேஷன் எண் ஒன்று மாறினால் ஒருவருடைய சர்க்கரை அளவே மாறிப்போகும் இடம் அது. அங்கே காகிதம்கூடக் கடவுள்தான்.

எடுத்தாகிவிட்டதா? இன்னும் பாதி வேலை பாக்கி. திருப்பிப் போட்டுப் பார். ஒரு பழைய கணினியில், வீணானாலும் பரவாயில்லை என்ற கணினியில், மூட்டையை ஒரு தனி அடைவில் அவிழ்த்துப் பார். 2017 ஜனவரி 31 ராத்திரி, கிட்லேப் என்ற உலகப் புகழ்பெற்ற நிறுவனத்தில் களைத்துப்போன பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டார். சுமார் 300 ஜிகாபைட் போயிற்று. நகல் எடுக்க அவர்களிடம் ஐந்து வழிகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் ஐந்தில் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக வேறு வேலைக்கு எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. திருப்பிப் போட்டுப் பார்க்காத நகல் நமத்துப்போன வெடி. தீபாவளிக் காலையில் திரியைக் கிள்ளிப் பற்றவைக்கும்போதுதான் தெரியும்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அவர்கள் மூடி மறைக்கவில்லை. மீட்கும் வேலையை உலகமே பார்க்க இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் என்ன செய்தேன்? தாளை ஒட்டினேன். தப்பு செய்தவன் வெளியே சொல்வதற்கும் தன்னம்பிக்கை என்றுதான் பெயர்.

‘நமக்கெல்லாம் ஆய்வக வேலை எங்கே கிடைக்கும்?’ என்று முனகாதே. 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பசுமைப் பட்டாசு வந்தது. நீரி என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் மூலப்பொருளைச் சோதிக்கும் வசதியைச் சிவகாசியிலேயே கொண்டுவந்தது. மருந்தின் சேர்மானத்தை இப்போது கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் மட்டும் சொல்லிவிட முடியாது, கருவி சொல்ல வேண்டும். அந்தக் கருவிக்குப் பக்கத்தில் ஒரு கணினி, அந்தக் கணினிக்குள் ஒரு விகிதம், அந்த விகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்க ஓர் ஆள். அந்த ஆள் ஏன் நீயாக இருக்கக் கூடாது? வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு உப்பு என்றால் சாம்பாரில் போடுவது. உனக்குத் தெரியும் அது என்னவென்று.

நீ எந்த ஊர்ப் பிள்ளை என்பதையும் ஒரு தடவை நினைத்துப் பார். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டபோது கம்பெனிக்காரன் பாஞ்சாலங்குறிச்சியை மட்டும் பிடுங்கவில்லை. கூட நின்ற பாளையங்களையும் பறித்தான். அதில் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமானது. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். சில நாளிலேயே அந்தக் கோட்டை மறுபடி எழுந்து நின்றதைப் பார்த்து வெள்ளைக்காரப் படை திகைத்தது. இடித்தவன் சுவரைத்தான் இடித்தான். எந்தச் சுவர் எங்கே, எத்தனை அடி, வாசல் எந்தப் பக்கம் என்ற கணக்கு கட்டியவர்களிடம் இருந்தது. பிறகு அந்த ஊரின் பெயரையே அரசு ஏடுகளிலிருந்து எடுத்தார்கள். பாட்டாகவும் கும்மியாகவும் ஊர் ஊராக வாய்களில் இருந்த பிரதிகளை எடுக்க முடியவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் லேப் சாரிடம் போய் நில். ‘சார், இந்த கம்ப்யூட்டரோட கான்ஃபிக் நகல் எங்க சார் இருக்கு?’ என்று கேள். இருக்கிறது என்றால், ‘ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பாப்போமா சார்?’ என்று கேள். இல்லை என்றால், ‘நான் எடுத்துத் தரட்டுமா?’ என்று கேள். பதினைந்து நிமிஷ வேலை. மூட்டை பீரோவுக்குள் போய்ப் பூட்டு விழுந்த பிறகு, சாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவில் இருக்கும் அந்தத் தாளைக் கிழித்துப் போடு. கிழிப்பதற்கு முன்னால் அதையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்.